அசையும் தீ

தார்த்து நகரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
ஹெல்வே இரும்பு அடுப்பு விற்கிறாள்.
சமைக்க அல்ல,
விறகெரித்துக் குளிர்காய.

பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
ஊரே வெடவெடக்கும் மாதத்தில்
அடுப்புக் கடைக்காரி ஈ ஓட்டுகிறாள் என்று
சொல்லவும் வழியில்லை.
இந்தக் குளிரில் ஈக்கு எங்கே போவது?

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான்.
மீசையில் பனி, கையில் அளவுநாடா.
வணக்கம்கூடச் சொல்லாமல்
சுவரோரம் குனிந்து நாடாவை இழுத்தான்.
ஆறு மீட்டர் நாற்பது.
"என்ன வேண்டும்?" என்றாள்.
அரண்டு நிமிர்ந்தான்.
"ஆள் இருக்கிறீர்களா?
கடை மூடியாயிற்று என்று இணையத்தில் போட்டிருக்கிறதே.
மிச்சச் சரக்கை ஏற்ற வந்தவர்கள்
கதவைத் திறந்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.
சைக்கிள் கடை வைக்க இடம் தேடுகிறேன்."

கைபேசியை நீட்டினான்.
எள்ளளவு எழுத்து.
விரித்தாள், பக்கம் வலப்புறமாய் நழுவியது.
இழுத்துப் பிடித்தாள்.
"கிறிஸ்துமஸ் விடுமுறை. கடை மூடப்பட்டுள்ளது."
எந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் என்று இல்லை.
அவளுக்குத் தெரியும்:
ப்ரீத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன ஆண்டு.

தெரியாது என்று சொல்ல முடியாது.
அக்டோபரில் பல் மருத்துவர் நேரிலேயே வந்தார்.
இவளுடைய பழைய எண் இப்போது அவருடையது.
"புகைபோக்கி என்ன விலை என்கிறார்கள்,
இந்த மாதம் இது நான்காவது" என்றார்.
விலைப்பட்டியல் இன்னும் குரோனில் நிற்கிறது.
அந்தக் காசு செத்து, புதைத்த இடத்தில் புல்லும் முளைத்தாயிற்று.
ரைவோவின் தாடி நரைத்துவிட்டது,
"எங்கள் பணியாளர்கள்" பக்கத்தில் மட்டும்
பட்டாளத்திலிருந்து நேற்றுத் திரும்பியவன் மாதிரி
மொட்டைத்தலையோடு சிரிக்கிறான்.

கடையின் கண்ணாடியை வாரம் இருமுறை துடைப்பவள்
இந்த ஜன்னலை
இரவில் பார்ப்பாள்.
துடைக்க மாட்டாள்.

கடவுச்சொல் ப்ரீத்திடம்.
அவன் கடலுக்கு அந்தப் பக்கம், துர்க்குவில்
கப்பலுக்கு வெல்டிங் வைக்கிறான்.
ஒரு சொல்லை வாங்க
ஒருமுறை பேசியாக வேண்டும்.
வடிவமைக்கும் லீசி சொன்ன தொகை பெரிதில்லை.
இதுதான் செலவு.

"இடம் காலியில்லை" என்று சைக்கிள்காரனை அனுப்பினாள்.
பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆறு நாற்பது.
இத்தனை வருஷத்தில் அவள் அளந்ததில்லை.

முதல் மணியிலேயே எடுத்தான்.
பின்னால் இரும்பை அறையும் சத்தம்.
யாரென்று கேட்கவில்லை, எதற்கென்றும் கேட்கவில்லை.
அவள் முடிப்பதற்குள் சொன்னான்:
முதன்முதலில் விற்ற அடுப்பின் வரிசை எண்,
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.
பிறகு,
"அந்தத் தீ இன்னும் அசைகிறதா?"

முகப்பில் அவன் மூன்று இரவு விழித்து வரைந்த தீ.
நான்கே படங்கள், மாறி மாறி,
பக்கத்தைத் திறந்தவர் போகும்வரை.

"அசைகிறது" என்றாள். "சூடுதான் இல்லை."

அங்கே யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.
வைத்துவிட்டான்.

லீசி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள்:
குரோன், பல் மருத்துவர், மொட்டைத்தலை.
தீயின் மேல் அம்புக்குறியை நிறுத்தி
ஹெல்வேயைப் பார்த்தாள்.
ஹெல்வே விறகு எடுக்கப் போய்விட்டாள்.
திரும்பி வந்தபோது அங்கே வெள்ளை.

பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி:
இதுவரை வந்தவர்கள் 41,873.
"இதை வைத்துக்கொள்ளலாமா? நல்ல எண்ணிக்கை" என்றாள் லீசி.
ஹெல்வே மனக்கணக்குப் போட்டாள்.
பதினோரு வருஷம். இரவுக்கு ஒருமுறை.

"அதில் நாலாயிரம் நான்தான். எடுத்துவிடு.
திறந்திருக்கும் நேரத்தை மேலே போடு,
கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி."